பழைய மோட்டார் வண்டியும் நேரோட்டப் பந்தயமும்

நின்ற நிலையினின்று புறப்பட்டு, வளைவும் திருப்பமும் இல்லாத நேர்வழியிலே கால் மைல் தூரத்தை இரு வண்டிகளுள் எது முந்திக் கடக்கின்றது என்று காண்பதே மேல்நாட்டார் ‘டிராக் ரேஸ்’ எனப் பெயரிட்டு வழங்கும் பந்தயமாகும். கால் மைல் என்பது 1320 அடி. இக்கால அளவையிற் கூறின் 402 மீட்டர். ஓடுபாதையைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் தமிழெழுத்தில் ‘டிராக்’ என்றே வந்து நிற்பதால், படிப்போர்க்கு மயக்கம் நேர்தல் கூடும். ஆதலின் இக்கட்டுரையில் இதனை நேரோட்டப் பந்தயம் என்றே வழங்குவேன்.

பழைய வண்டி ஒன்றை இப்பந்தயத்திற்குத் தக்கதாகத் திருத்தியமைக்க விரும்புவோர் முதற்கண் எண்ணுவது எஞ்சினைப் பற்றியே. எஞ்சினுக்கு வலி கூட்டினால் வெற்றி தானே வரும் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பொருந்தாது என்பதும், திருத்தம் வண்டியை நிறுத்தும் உறுப்புக்களில் தொடங்கிச் சக்கரத்திற்கும் அச்சிற்கும் வந்து, எஞ்சினில் முடிதல் வேண்டும் என்பதும் யான் இங்கு விளக்கப் புகுந்த பொருளாம். இது வெறும் தொழில்நுட்ப வாதமன்று. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இரவு நேரங்களில் இளைஞர் ஓட்டும் ஓட்டத்தைக் கண்டவர்க்கு, இதன்கண் உயிர் பற்றிய வினாவும் அடங்கியிருத்தல் விளங்கும்.

இப்பந்தயம் பிறந்த வரலாறே அவ்வினாவிற்குத் தொடர்புடையது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், போர்க்களத்தினின்று மீண்ட இளைஞர் பலர் பழைய வண்டிகளைத் தாமே பிரித்துக் கோத்து, வறண்ட ஏரிப்படுகைகளிலும் ஊர்ச் சாலைகளிலும் ஓட்டினர். சாலையில் ஓடியவை பல உயிர்களை வாங்கின. இவ்விளைஞரைத் தடுத்தல் அரிது, வேறிடம் காட்டுதலே வழி என்று கண்டவர் சிலர், 1950-இல் சாந்தா ஆனா என்னும் ஊர் விமானத்தளத்தின் ஓடுபாதை ஒன்றில் முறைப்படி பந்தயம் நடத்தலாயினர். மறு ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். காலம் அளத்தல், வண்டியைச் சோதித்தல், தலைக்கவசம் அணிவித்தல் முதலிய ஒழுங்குகள் அச்சங்கத்தால் நிலைபெற்றன.

நம் சென்னையின் வரலாறும் இதற்கு ஓரளவு ஒப்பாகவே சென்றது. செங்குன்றத்திற்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று வாளா கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் அதனைப் பந்தயக்களமாக்கினர். பல்லாண்டுகள் அங்கே கூடிய பெருங்கூட்டத்தைப் பற்றி நம் பாட்டன்மார் இன்றும் வியந்து பேசுவர். பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அணித்தாகிய இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான ஓடுபாதை அமைந்தது. இருசக்கர வண்டிகளுக்குரிய தேசிய நேரோட்டப் பந்தயங்கள் அவ்விடத்தில் நிகழ்ந்துள்ளன. சென்னீர்குப்பத்தினின்று அக்களத்திற்கு இருபது கிலோமீட்டரும் இல்லை. இத்துணை அண்மையில் களம் இருப்பவும், நெடுஞ்சாலையையே களமாகக் கொள்வார் உளர் என்பது வருந்தத்தக்கது.

இனிப் பந்தயத்திற்கு உரிய வண்டியைப் பற்றிக் கூறுவாம். அமெரிக்கர் ‘மஸில் கார்’ என்று கொண்டாடுவது, நடுத்தர உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திய வண்டியை. 1964-இல் பாண்டியாக் கம்பெனியார் வெளியிட்ட ஜி.டி.ஓ. என்னும் வண்டியை அவ்வகைக்கு முதல் என்பர். அதன் எஞ்சின் 6.4 லிட்டர் கொள்ளளவினது. பத்தாண்டு கழியுமுன்னரே அக்காலம் முடிந்தது. இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறியதும், 1970-இல் காற்றுத்தூய்மைச் சட்டம் இறுகியதும், 1973-இல் எண்ணெய் முடை வந்ததும் காரணங்களாம்.

அவ்வகை வண்டி நம் நாட்டில் செய்யப்பட்டதில்லை. ஆயினும் தோற்றத்தால் அதனை நினைப்பூட்டுவது ஒன்று உண்டு, அதுவே கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் வண்டியின் வடிவைக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் வங்காளத்து உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை இதனைச் செய்தனர். நீண்ட முகமும் அகன்ற உடலும் உடைய இவ்வண்டிக்கு முதலில் வாய்த்தது அம்பாஸிடரின் 1.5 லிட்டர் எஞ்சினே. யானையின் உடலில் ஆட்டின் நெஞ்சை வைத்தாற் போன்றது அது. பிற்பாடு ஜப்பானிய இசுசு கம்பெனியாரின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. அதன் வலி ஏறத்தாழ 88 குதிரைத்திறன். பின்சக்கரங்களால் உந்தப்படுவது என்பதே நம் நோக்கிற்கு இதன் தலையாய சிறப்பு. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

சென்னீர்குப்பத்தில், ஆவடி செல்லும் சாலையை அடுத்த பட்டறை ஒன்றில் இத்தகைய கான்டெஸா ஒன்று திருத்தப்படுவதைச் சில மாதங்களுக்குமுன் கண்டேன். பட்டறைக்குரிய மெக்கானிக் ஐம்பது கடந்தவர். லேத்தும் வெல்டிங்கும் டிங்கரிங்கும் தாமே அறிந்தவர். ‘பெரிய எஞ்சின் வைக்கலாமா அண்ணே?’ என்று கேட்டு வரும் இளைஞரை நோக்கி அவர் சொல்லும் முதல் மறுமொழி, ‘மொதல்ல பிரேக்கைக் காட்டு தம்பி’ என்பதுதான். வந்தவர் பலர் அதனைக் கேட்டு முகஞ்சுளித்துப் போய்விடுவராம். அவர் சொல்லுக்குக் கணக்கில் இடமுண்டா என்று பார்த்தேன், நிரம்ப உண்டு.

ஓட்டுவானையும் சேர்த்து அவ்வண்டியின் நிறையை 1270 கிலோ என்று கொள்வோம். 88 குதிரைத்திறனுடன் அது கால் மைலைக் கடக்க, வழக்கிலுள்ள வாய்பாட்டின்படி, 18 விநாடிக்குச் சற்று மேலாகும். முடிவில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 119 கிலோமீட்டர். இப்பொழுது எஞ்சினின் வலியை இருமடங்காக்கி 176 என்று வைப்போம். காலம் பாதியாகக் குறையுமோ? குறையாது. நிறையை வலியால் வகுத்து வரும் ஈவின் முப்படி மூலத்தைப் பின்பற்றியே காலம் குறைவதால், ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 14½ விநாடிக்குச் சற்று மேல் வரும். முடிவின் வேகமோ 150 கிலோமீட்டராகும். இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது ஆகையால், நிறுத்தும்போது பிரேக்கு விழுங்கவேண்டிய வெப்பம் ஏறக்குறைய 60 விழுக்காடு கூடிவிடும். வலியை இரட்டித்தவன் காலத்தில் ஐந்திலொன்றைப் பெற்று, ஆபத்தில் ஐந்தில் மூன்றை ஏற்றுக்கொள்கிறான். வாணிகம் அறிந்தவர் இதனை நல்ல பேரம் என்னார்.

பழைய அம்பாஸிடர், பியட் வண்டிகளில் இருந்தவை பெரும்பாலும் டிரம் பிரேக்குகளே. டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகும்; ஷூவின் மேற்பூச்சும் வெப்பத்தால் பிடிப்பை இழக்கும். மிதியை எத்துணை அழுத்தினும் வண்டி நில்லாது ஓடும் நிலை இதனாலே வருவது. பிரேக்கு எண்ணெய் பழையதாயின் இடர் இன்னும் பெரிது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தத்திற்கு இடங்கொடுக்குமாதலால் மிதி பஞ்சில் கால் வைத்தாற்போல் இறங்கும். ஆகவே திருந்திய முறை யாதெனின், முன்சக்கரங்களுக்குப் பெரிய தட்டுப் பிரேக்குகளை அமைத்தல், புதிய எண்ணெய் வார்த்தல், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அழுத்தவழி வகுத்தல் என்பனவாம். ஒருவழி பழுதுறினும் மற்றது காக்கும். மேல்நாட்டில் மிகு வேக வண்டிகளுக்குப் பின்புறத்தே குடைத்துணியும் கட்டுவர்.

அதுவும் எக்காலும் போதியதன்று. 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூ ஜெர்சி மாகாணத்து இங்கிலீஷ்டவுன் களத்தில் ஸ்காட் கலிட்டா என்னும் பேர்பெற்ற வீரர், வண்டி நில்லாமையால் பாதையின் எல்லையைக் கடந்து மோதி உயிர் துறந்தார். அதன்பின் அம்மிகப் பெரிய வகுப்பு வண்டிகளுக்கு ஓட்டத் தூரமே 1320 அடியினின்று 1000 அடியாகச் சுருக்கப்பட்டது. எஞ்சின் வலியின் முன்னர்த் தூரமே தோற்றுப் பின்வாங்கியது என்று கூறலாம்.

நிற்க. இனிப் புறப்படுதலை ஆராய்வோம். இப்பந்தயத்தின் நுட்பமெல்லாம் முதல் அறுபது அடியிலேயே அமைந்திருக்கின்றது. எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் தரையைப் பற்றிப் பின்னே தள்ளும். தரையின் எதிர்த்தள்ளலே வண்டியை முன்னே செலுத்தும். தரையைப் பற்றும் பிடிப்பு எவ்வளவோ அவ்வளவே செலவு. பிடிப்போ சக்கரத்தின்மேல் அமரும் பாரத்தைப் பொறுத்தது.

வண்டி வெடுக்கெனப் புறப்படுகையில் முகம் எழும்ப, முதுகு தாழ்வதை யாவரும் கண்டிருப்பீர்கள். முன்சக்கரத்துப் பாரத்தில் ஒரு பகுதி பின்சக்கரத்திற்குப் பெயர்வதன் அடையாளம் அது. மேற்கூறிய கான்டெஸாவின் சக்கர இடைவெளி 2.67 மீட்டர். பாரத்தின் நடுப்புள்ளி தரையினின்று அரை மீட்டருக்குச் சற்று மேலிருப்பதாகக் கொண்டால், வல்லோட்டத்தில் சுமார் 130 கிலோ இவ்வாறு பெயரும். நிற்கையில் பின்னச்சின்மேல் இருந்தது 570 கிலோ என்று கொள்ளின், புறப்படுகையில் 700 ஆகும். பின்சக்கரம் உந்தும் வண்டியே இப்பந்தயத்திற்குத் தக்கது என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே. இக்காலத்துச் சிறு வண்டிகள் பலவும் முன்சக்கரத்தால் உந்தப்படுவன ஆதலின், பிடிப்பு வேண்டிய வேளையிலேயே அதனை இழந்துவிடும்.

சாதாரண டயர் தன்மேல் அமர்ந்த பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவே தரையைப் பற்றவல்லது. எனவே நம் வண்டியைத் தள்ளக்கூடிய விசைக்கு 630 கிலோ என்பது எல்லை. இனி எஞ்சின் தருவது யாது? அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 14 கிலோகிராம் மீட்டர். முதற் கியரில் அது மூன்றரை மடங்கும், பின்னச்சிலுள்ள கிரவுன் பினியனில் நான்கு மடங்கும் பெருகுவதாகக் கொண்டால், அச்சில் 196 ஆகும். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் எனின், உராய்வில் இழப்பது போகத் தரையில் 550 கிலோ அளவிற்கு வந்து சேரும். அஃதாவது, கம்பெனி தந்த எஞ்சினே முதற் கியரில் டயரின் எல்லையை ஏறத்தாழ எட்டிவிட்டது! இதன்மேல் வலியை இரட்டித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்குமேயன்றி வண்டி முன்செல்லாது. புகையைக் கண்டு ஆரவாரம் செய்வோர் தோல்வியைக் கண்டே ஆரவாரம் செய்கின்றனர்.

ஆனால் பந்தயத்திற்கு முன்னர் வேண்டுமென்றே சக்கரத்தைச் சுழற்றிப் புகையெழுப்புவது வேறு. பந்தயத்திற்குரிய டயர் கோடு வெட்டாத மென்மையான ரப்பரால் ஆயது. சூடேறினால் பிசின்போல் ஒட்டும். அதற்காகவே நீர் தெளித்த இடத்தில் சுழற்றிச் சூடேற்றுவர். அதன் காற்றழுத்தத்தையும் மிகக் குறைத்து வைப்பர். பக்கச்சுவர் மடிந்து கொடுத்துப் புறப்படும் அதிர்ச்சியைத் தாங்கும். இத்தகைய டயர் பாரத்திற்கு மேற்பட்ட பிடிப்பையும் தரவல்லது. ஆகவே எஞ்சினுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை டயருக்குச் செலவிடுதல் அறிவுடைமை. ஆயின் அதே டயர் மழைநீர் தேங்கிய சாலையில் வழுக்குமரத்திற்கு ஒப்பாகும்.

பணமே செலவாகாத திருத்தம் ஒன்றுளது. அது பாரத்தைக் குறைத்தல். பின்னாசனம், பம்பர், வேண்டாத பூச்சுப்பலகை, உபரிச் சக்கரம் முதலியவற்றைக் கழற்றி 100 கிலோ குறைத்தால், ஏழெட்டுக் குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். குறைத்ததில் ஒரு பகுதியை இரும்புக் குழாய்க்கூண்டாகத் திரும்ப ஏற்றுதல் வேண்டும். வண்டி புரளுமாயின் தலைக்குமேல் நிற்பது அக்கூண்டு ஒன்றே. அழகுக்குக் கெடுதி என்று அதனைத் தவிர்ப்பவரைப் பற்றி மேற்படி மெக்கானிக் கூறிய சொற்கள் கல்லூரி வெளியீட்டில் இடம்பெறத் தக்கனவல்ல.

அடுத்தது அச்சு. மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பதைத் திருக்குறளில் நாம் படித்திருக்கிறோம். இங்கே முறிப்பது மேலேற்றிய பாரமன்று, உள்ளிருந்து முறுக்கும் விசை. நல்ல டயர் பூட்டியதன்பின் சக்கரம் சுழன்று விடுதலை பெற வழியில்லை. அதனால் முறுக்கெல்லாம் அச்சுத்தண்டின்மேலும் கிளட்சின்மேலும் விழும். இவற்றுள் கிளட்ச் வெடித்தல் கொடியது. நிமிஷத்திற்கு ஆயிரக்கணக்காகச் சுழலும் இரும்புத்தட்டு சிதறினால், அதன் துண்டுகள் ஓட்டுவானின் காலடியில்தான் பாயும். 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் களத்தில் டான் கார்லிட்ஸ் என்பாரின் வண்டியில் கியர்ப்பகுதி வெடித்து, அவர் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையிற் கிடந்தபோதே எஞ்சினை ஓட்டுவானுக்குப் பின்னே வைக்கும் வகையைச் சிந்தித்து, மறு ஆண்டே அத்தகைய வண்டியில் வென்றும் காட்டினார். அதுவே பின்னர் எல்லார்க்கும் வழக்காயிற்று. முன்னே எஞ்சின் உடைய பழைய வண்டியில், கிளட்சைச் சுற்றித் தடித்த எஃகு உறை பூட்டுதலே காப்பு.

இவையெல்லாம் முடிந்தபின் எஞ்சினுக்கு வருக. காற்றும் பெட்ரோலும் மிகுதியாய் உட்புகவும், எரிந்த புகை தடையின்றி வெளியேறவும் செய்தலே எஞ்சின் திருத்தத்தின் சாரம். ஹெட்டின் வழிகளைத் தேய்த்து அகலமாக்குவர். கேம்தண்டை மாற்றி வால்வுகளை நெடும்பொழுது திறந்துவைப்பர். பெரிய கார்புரேட்டரும் தடையில்லாச் சைலன்ஸரும் பூட்டுவர். ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவாரும் உண்டு. ஆயின் அளவு கடந்தால் பெட்ரோல் உரிய கணத்திற்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று கூறுவது இதனையே. ஒரே மாலையில் பிஸ்டன் துளைபட்டுப் போகும். புகையாற்றலால் சுழலும் டர்போவும், மிகுதியான ஆக்ஸிஜனைத் தரும் நைட்ரஸ் வாயுவும் வலியை மிக விரைவிற் கூட்டுவன. அவற்றை இறுதியிற் பூட்டவேண்டும் என்பதற்கு இதுவரை கூறியவையே காரணம்.

களத்தில் வண்டிகள் புறப்படும் குறியைப் பற்றி ஒரு சொல். 1963 முதல் அங்கே கொடி வீசுவதில்லை. நட்டுவைத்த கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து, பின் பச்சை எரியும். பல நிற விளக்குகள் அடுக்கி நிற்பதால் அதற்கு இட்ட பெயர் கிறிஸ்துமஸ் மரம்! டிசம்பர் மாதத்தில் நம் விடுதிக் கூடத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்துக் காலை அழுத்த ஆயத்தமாவோர் எவரும் இலர் என்பதே ஆறுதல். பச்சைக்கு முன் அசைந்தவர்க்குச் சிவப்பு எரியும், அவர் தோற்றார். ஓட்டக்காலம் சக்கரம் அசைந்த கணம் முதலே எண்ணப்படுகிறது. பச்சை கண்டும் தயங்கி நின்ற கணம் அதிற் சேராது. ஆதலால் மிகு விரைவான காலம் பெற்றவரே எதிரிக்குத் தோற்றுப்போதலும் உண்டு.

இனிச் சட்டத்தைச் சிறிது நோக்குவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்திற்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிற்கு மாறான திருத்தம் ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் 189-ஆம் பிரிவோ, அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுவிடத்தில் பந்தயம் ஓட்டுதலைக் குற்றமாக்குகின்றது. முதற் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறையோ 5000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆகவே மேற்கூறியவாறு திருத்திய வண்டி பொதுச் சாலைக்கு உரியதன்று. கான்டெஸாவின் சொந்தக்காரர் தம் வீட்டாரைக் கோயிலுக்கோ கடைத்தெருவிற்கோ அதில் ஏற்றிச் செல்லும் ஆசையைத் துறந்தே இவ்வேலையில் இறங்கினார் என்று அறிந்தேன்.

யான் கடைசியாகப் பார்த்தபோது அவ்வண்டியின் பிரேக்குகளும் குழாய்க்கூண்டும் முடிந்திருந்தன. பின்னச்சு லேத்தின்மேல் இருந்தது. எஞ்சின் இன்னும் பழையதே. களத்திற்குக் கொண்டுபோகும் நாளில் லாரியில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் வாரினால் இறுகக் கட்டிக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள்.